வீட்டுக்கல்வி நடத்தும் கிறிஸ்தவக் குடும்பத்தின் ஒரு வாரம்: அட்டவணை போடுவதும் விசுவாசக் கேள்விகளை எதிர்கொள்வதும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சபையில் தெரிந்துவிட்டால் இரண்டு விதமானவர்கள் பேச வருவார்கள். ஒருவர், “எப்படித்தான் சமாளிக்கிறீங்க?” என்று கேட்பார். இன்னொருவர், “நல்லதாப் போச்சு, பிள்ளைகளுக்கு நாள் முழுக்க வேதம் சொல்லிக்கொடுக்கலாமே” என்பார். முதல் கேள்விக்கு ஓர் அட்டவணை போதும். இரண்டாவதில்தான் சிக்கல். நாள் முழுக்க வேதம் சொல்லிக்கொடுக்கிற வீட்டில், அம்மாவிடம் கணக்குக்குத் திட்டு வாங்கிய பிள்ளை அதே அம்மாவிடம் அரை மணி நேரத்தில் அன்பைப் பற்றிய அதிகாரத்தையும் கேட்க வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில் விசுவாசம் ஒரு பாடமாகச் சுருங்கிவிடும் ஆபத்து மற்ற வீடுகளைவிட அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் அட்டவணையையும் விசுவாசக் கேள்விகளையும் பிரிக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்கு எட்டு. ரோமன் கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தே சபையினரோ இதைப் படித்தால் பண்டிகைகளையும் சொற்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாரத்தின் அமைப்பு எல்லாருக்கும் பொருந்தும்.

படி 1: சட்டத்தையும் சான்றிதழையும் முதலில் முடித்துவிடுங்கள்

இதை ஜெபத்துக்கு முன்னால் வைக்கிறேனே என்று நினைக்காதீர்கள். தாள்கள் சரியாக இல்லாத வீட்டில் நிம்மதியாக எதையும் நடத்த முடியாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியாவில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் எல்லாம் இயங்குகின்றன. இது தெரிந்தே இறங்குங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். சண்டை போடாதீர்கள், பாவம், அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒரு கோப்பைக் காட்டுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், மாதவாரியாக என்ன படித்தார்கள் என்ற குறிப்பு, தேதி போட்ட நோட்டுகள், திருத்திய தேர்வுத் தாள்கள். இந்தக் கோப்பு இருந்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

சான்றிதழுக்குப் பெரும்பாலானவர்கள் போகும் வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ். பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரப் பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும்; பன்னிரண்டுக்குப் பதினைந்து. சான்றிதழுக்குக் குறைந்தது ஐந்து பாடங்கள். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரு நேரத்தில் இரண்டு பாடம் என்று பிரித்துக்கூட எழுதலாம். கீழ் வகுப்புகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் உண்டு. அவை முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரானவை. மாநில அரசின் தேர்வுத்துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இன்னொரு வழி. அதற்குப் பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும்.

நடுவில் பள்ளிக்கே அனுப்பிவிடலாம் என்று தோன்றினாலும் பயப்பட வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. “ஆண்டவர் எங்களை இதற்கு அழைத்தார், அதனால் பின்வாங்கக் கூடாது” என்று பிள்ளை தவிக்கும்போதும் இழுத்துப் பிடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கு அனுப்புவது விசுவாசத் துரோகம் அல்ல.

படி 2: ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள்

புதிதாகத் தொடங்குகிற எல்லாரும் திங்கள் காலை எட்டு மணியிலிருந்து கட்டம் போடத் தொடங்குவார்கள். சனி இரவு வரும்போது பாதிக் கட்டம் மிச்சம் இருக்கும், அது ஞாயிறு மதியத்துக்குத் தள்ளப்படும். ஆராதனை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பின்னத்தை வகுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஓய்வுநாள் என்றால் என்ன என்று நீங்கள் எத்தனை வசனம் சொன்னாலும் புரியாது.

ஆகவே முதலில் ஞாயிறை முழுதாக விடுங்கள். ஆராதனை, ஞாயிறு பள்ளி, மதியத் தூக்கம், சாயங்காலம் ஆச்சி வீடு அல்லது ஆற்றங்கரை. புத்தகம் திறக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அடுத்த வாரப் பாடத்தைத் தயார் செய்கிற அம்மாவுக்கும்தான். அந்தத் தயாரிப்புக்குச் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்தில் பிள்ளைகள் அப்பாவோடு சந்தைக்குப் போகட்டும். வீட்டுக்கல்வி என்றால் அம்மா படிப்பிப்பார், அப்பா சம்பாதிப்பார் என்று எழுதாத ஒப்பந்தம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் முதலில் உடைவது அம்மாதான். வாரத்தில் ஒரு பாடமாவது அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும்.

இனி மீதி ஆறு நாளையும் இப்படிப் பிரிக்கலாம்: திங்கள் முதல் வியாழன் வரை முழுப்பாடம், வெள்ளி அரைநாள், சனி வீடும் சபையும்.

படி 3: குடும்ப ஜெபத்தைப் பாடவேளை ஆக்காதீர்கள்

எங்கள் பக்கத்து வீடுகளில் இரவு ஜெபம்தான் பெரிது. ஒரு கீர்த்தனையோ பாமாலையோ பாடி, ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்து, ஒருவர் ஜெபித்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடிப்போம். தாத்தா ஜெபிக்கத் தொடங்கினால் மிஷனரிப் பணித்தளங்கள் எல்லாம் முடிந்து அடுத்த தெரு நோயாளிகள் வரை வருவதற்குள் சின்னவன் பாயில் சாய்ந்திருப்பான். அப்படியே விட்டுவிடுங்கள், தூங்கட்டும்.

இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சாப்பிட்ட பிறகு வைத்தால் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். காலையில் ஐந்து நிமிடம் போதும்: ஒரு சங்கீதத்தின் சில வசனங்கள், ஒரு வரி ஜெபம்.

இங்கே சில விதிகளை நான் கறாராக வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது உச்சரிப்பைத் திருத்துவதில்லை. “நேபுகாத்நேச்சார்” என்ற பெயரில் பிள்ளை தடுக்கி விழுந்தால் விழட்டும், நாளைக்குத் தமிழ்ப் பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேதத்துக்கு மதிப்பெண் கிடையாது. சபையில் நடக்கிற வேதாகமத் தேர்வு இருக்கிறது, அதற்கு ஞாயிறு பள்ளி டீச்சர் தயார் செய்கிறார், அது போதும். தண்டனையாக வசனம் எழுதவைப்பதும் இல்லை. பொய் சொன்னதற்காக ஒரு வசனத்தை ஐம்பது முறை எழுதிய பிள்ளைக்கு அந்த வசனத்தின் மேல் வாழ்நாள் முழுக்க என்ன உணர்வு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் நடந்த சண்டையை இரவு ஜெபத்தில் ஆண்டவரிடம் புகாராகச் சொல்வதும் கூடாது. “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்” என்று பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தே ஜெபிப்பது ஜெபம் இல்லை, மறைமுகத் திட்டு.

மனப்பாட வசனம் வாரத்துக்கு ஒன்று. கண்ணாடிக்கு மேல் ஒட்டி வைத்தால் தலை வாரும்போது தானாக வந்துவிடும்.

படி 4: திங்கள் முதல் வியாழன் வரை

பள்ளியில் ஏழு மணி நேரம் இருக்கிறார்களே என்று நீங்களும் ஏழு மணி நேரம் உட்காரவைத்தால் இரண்டாவது வாரத்தில் எல்லாருக்கும் காய்ச்சல் வரும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வருகைப் பதிவுக்கும் வரிசைக்கும் அமைதிக்கும் போகிற நேரம் வீட்டில் இல்லை. எட்டு வயதுக்கு இரண்டு மணி நேரம், பதினொரு வயதுக்கு மூன்று, பதின்மூன்றுக்கு நான்கு. இது என் கணக்கு. இதற்குமேல் பிள்ளை தானாகப் படித்தால் படிக்கட்டும்.

காலை எட்டரைக்குக் கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே மேசை, வேறு வேறு பாடம். சின்னவனுக்குப் பக்கத்தில் நான் இருக்கும்போது பெரியவள் தானாகச் செய்வாள், பிறகு இடம் மாறும். நாற்பது நிமிடத்தில் மூடிவிட வேண்டும், பாதிக் கணக்கில் நின்றாலும் சரி. அப்புறம் தமிழ், ஒரு நாள்விட்டு ஒரு நாள் ஆங்கிலம். பதினொன்றுக்கு ஏதாவது தின்றுவிட்டு அறிவியலோ சமூக அறிவியலோ. மதியத்துக்குமேல் கைவேலை, இசை, விளையாட்டு, வீட்டு வேலை.

பாடநூலுக்குத் தமிழ்நாடு அரசின் புத்தகங்களே போதும். எல்லா வகுப்புகளுக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பை நெருங்கும்போது எந்தத் தேர்வோ அதன் புத்தகத்துக்கு மாறினால் போதும். சில குடும்பங்கள் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களை நிறையப் பணம் கொடுத்து வாங்குகின்றன. நல்ல உழைப்போடு செய்யப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஆனால் டாலரிலும் அங்குலத்திலும் கணக்குப் போட்டு, பனிக்காலப் பறவைகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளைக்குத் தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு பாடத்துக்கு நடுவிலும் ஒரு வசனம் இருப்பதால் மட்டும் ஒரு புத்தகம் நம் பிள்ளைக்குப் பொருந்திவிடாது.

தமிழ்ப் பாடத்தில் இரண்டு விஷயம். வேதாகமத்தையே தமிழ் வாசிப்பு நூலாக வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. பிள்ளை கட்டுரை எழுதினால், “அப்பொழுது மழை பெய்தது, அதைக் கண்ட ஜனங்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்கள்” என்றுதான் வரும். இன்றைய உரைநடையையும் கதைகளையும் நிறையப் படிக்கக் கொடுங்கள். இன்னொன்று, பாடநூலில் வரும் தேவாரத்தையும் திருவாசகத்தையும் கம்பராமாயணத்தையும் தாண்டிப் போகாதீர்கள். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் ஐயர் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஒரு குருவானவருக்கு அதைப் படித்ததால் விசுவாசம் கெடவில்லை, நம் பிள்ளைக்கும் கெடாது. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் பார்க்கவும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரிகிறது.

வரலாற்றைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, தன் வார்த்தையில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் சார்லட் மேசன் நூறு ஆண்டுகளுக்கு முன் வலியுறுத்திய முறை இது. கேள்வித்தாளைவிட இதில்தான் பிள்ளைக்கு எது புரிந்தது, எது தப்பாகப் புரிந்தது என்று தெரியும்.

படி 5: வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை காலை கணக்கு மட்டும். அப்புறம் வெளியே. பாளையங்கோட்டை என்றால் மாவட்ட மைய நூலகம், கொக்கிரகுளத்து அறிவியல் மையம், 1785இல் கட்டிய குளோரிந்தா ஆலயம். அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊரில் சொல்வோம். உங்கள் ஊரில் வேறு ஏதாவது இருக்கும். தரங்கம்பாடிப் பக்கம் போனால் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கிய கடற்கரையையும் 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பெரியவர்கள் போவோம். பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். வளர்கிற பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரலாம், விளையாடலாம்.

அன்று இரவு ஜெபத்தில் எங்கள் வீட்டில் ஒரு மிஷனரிக் கதை. வெள்ளைக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இல் ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயரானார். சோறு வடிக்குமுன் ஒவ்வொரு வேளையும் ஊழியத்துக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கிற பழக்கம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் உண்டு. எங்கள் அடுக்களையில் அதற்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மகன் அரிசி போடுகிற ஆள். ஒரு நாள் அவன் கை சிறியது, அம்மா கை பெரியது, அப்போ யார் கைப்பிடியைக் கணக்கில் வைப்பது என்று கேட்டான். தராசை எடுத்து இரண்டையும் நிறுத்துப் பார்த்தோம். அன்றைய எடைப் பாடம் அதுவே.

சபை வாழ்க்கையில் இப்படிப் படிப்பு தானாக வந்து விழும் இடங்கள் நிறைய. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு என்று சமையல்காரர் சொல்வார். 1,200 பேர் வந்தால் எத்தனை கிலோ, எட்டுப் பேர் கணக்குக்கும் பத்துப் பேர் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம், மிஞ்சினால் நல்லதா, குறைந்தால் என்ன ஆகும்? பெரியவளுக்கு இதைவிட நல்ல விகிதக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சனிக்கிழமை சந்தை, துணி தேய்ப்பது, பாடகர் குழுப் பயிற்சி, வீட்டைக் கூட்டிப் பெருக்குவது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 6: ஆண்டைச் சபை நாட்காட்டியோடு ஒட்டுங்கள்

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய் இரவு ஒரு மணிக்கு வருகிற பிள்ளைக்குக் காலை எட்டரைக்குக் கணக்கு வைக்க முடியாது. டிசம்பர் பத்துக்குமேல் பாடத்தை நிறுத்திவிட்டு மே மாதத்தில் ஈடுகட்டுங்கள். மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிற பத்து நாளையும் விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் தவக்கால நாட்களில் பாடத்தைக் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் பரிசுத்த வாரத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் கேட்டுவிட்டு வருகிற பிள்ளையிடமிருந்து வருகிற கேள்விகள் அந்த ஆண்டின் மிகக் கனமான கேள்விகளாக இருக்கும். அவற்றுக்கு நேரம் வேண்டும்.

படி 7: கேள்விகளுக்கு ஒரு நோட்டு

வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நோட்டு வையுங்கள். யாருக்கு எந்தக் கேள்வி வந்தாலும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. பெற்றோரும் எழுதலாம், எழுத வேண்டும். வியாழன் இரவு ஜெபம் முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பேசுங்கள். உடனே பதில் சொல்லாமல் வியாழன் வரை தள்ளிப்போடுவதில் ஒரு நன்மை இருக்கிறது: சமையலுக்கு நடுவில் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லித் தப்பிக்க மாட்டீர்கள்.

“கேள்வி கேட்காதே, விசுவாசி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பஸ்காவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று யாத்திராகமம் 12 எதிர்பார்க்கிறது. யோர்தானில் எடுத்த கற்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று யோசுவா 4 எதிர்பார்க்கிறது. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற சில கேள்விகளையும் அவற்றை எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்கிறேன்.

*பக்கத்து வீட்டு அத்தை தந்த கொழுக்கட்டையைத் தின்னலாமா?* பிள்ளையார் சதுர்த்தியன்று தூக்குவாளியோடு வந்து நிற்கிற அத்தையிடம் “எங்களுக்கு வேண்டாம்” என்று கதவருகில் சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து பிள்ளைக்கு அயலானை நேசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது. பிள்ளையோடு உட்கார்ந்து 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களை முழுதாக வாசியுங்கள். விருந்துக்கு அழைத்தால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். இதை வைத்து விசுவாசக் குடும்பங்கள் இரண்டு விதமாகவும் முடிவெடுக்கின்றன. எங்கள் வீட்டில், பூஜைக்கு முன் தனியாக எடுத்து வைத்ததை அத்தையே தருகிறார், வாங்கிச் சாப்பிடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு அதே தூக்குவாளியில் முறுக்கும் அதிரசமும் போகும். நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதை அத்தையிடம் பிள்ளையை அனுப்பிச் சொல்லாதீர்கள், நீங்களே போய் மரியாதையாகச் சொல்லுங்கள்.

*அந்த அத்தை நரகத்துக்குப் போவாங்களா?* முதல் கேள்வி வந்தால் இதுவும் பின்னாலேயே வரும். இதைக் கேட்கிற பிள்ளைக்கு இறையியல் வேண்டாம், தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிய பயம் அது. சோதோமுக்காக ஆபிரகாம் பரிந்து பேசிய ஆதியாகமம் 18ஐ வாசித்துக் காட்டுங்கள். நியாயாதிபதி அநியாயம் செய்வாரா என்று ஆண்டவர் முகத்துக்கு நேராகவே ஆபிரகாம் கேட்கிறான், ஆண்டவர் கோபப்படவில்லை. தீர்ப்பு நம் கையில் இல்லை, அத்தையின் மேல் நமக்கிருக்கிற அன்பைவிட அவருடைய அன்பு சிறியது இல்லை என்று சொல்லலாம். கிறிஸ்துவைப் பற்றி நீங்கள் நம்புவதை மறைக்க வேண்டாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் பக்கத்து வீட்டை மீட்கிற பொறுப்பை ஏற்றாதீர்கள்.

*நாம் இவ்வளவு ஜெபித்தும் தாத்தா ஏன் செத்தார்?* இதற்கு வீட்டில் யாராவது, “ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்” என்பார்கள். பிள்ளை அடுத்து, “எனக்கும் தேவைப்பட்டாரே” என்று கேட்கும். “விசுவாசம் குறைந்திருக்கும்” என்ற பதில் இதைவிட மோசம், அது பிள்ளையின் ஜெபத்தின் மேலேயே பழி போடுகிறது. பவுல் தன்னை முள்போல வருத்திய வேதனையை எடுக்கும்படி மூன்று முறை கேட்டும் அது எடுக்கப்படவில்லை. லாசரு இறந்தபோது இயேசு அழுதார். 88ஆம் சங்கீதத்தை ஒருநாள் சேர்ந்து வாசியுங்கள். அது இருளில்தான் முடிகிறது, கடைசியில் ஸ்தோத்திரம் கிடையாது. அப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிவது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். “எனக்கும் தெரியலம்மா, எனக்கும் அழுகையா வருது” என்பதும் பதில்தான்.

*சூரியன் நாலாம் நாள்தானே, அப்போ முதல் மூணு நாள் எப்படி வந்துச்சு?* ஆதியாகமத்தின் ஆறு நாள் படைப்பைப் பற்றிய பேச்சு டைனோசரில் தொடங்கி இங்கே வந்து நிற்கும். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இறையியலாளர் அகஸ்டினும் இந்த நாட்களைப் பற்றி யோசித்துக் குழம்பியவர்தான், பிள்ளை நல்ல ஆளோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆறு நாளையும் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக எடுத்துக்கொள்கிறவர்கள், நீண்ட காலங்களாக எடுத்துக்கொள்கிறவர்கள், பரிணாமத்தையே படைப்பின் வழியாக ஏற்கிறவர்கள் என்று உண்மையான விசுவாசிகளே மூன்று பக்கமும் இருக்கிறார்கள். மூன்றையும் சொல்லிவிட்டு உங்கள் நிலையையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதைக் கிழித்து எறியாமல், ஆதாரங்கள் என்ன என்று முழுதாகப் படிப்பியுங்கள். பதினெட்டு வயதில் கல்லூரியில் முதல் முறையாக அதைக் கேட்டு, அப்பா அம்மா இத்தனை நாள் மறைத்தார்கள் என்று நினைக்கிற பிள்ளை வேதத்தையும் சேர்த்தே கீழே வைத்துவிடும்.

*சித்தி வீட்டில் முழுக்கு எடுத்தால்தான் ஞானஸ்நானம் என்கிறார்களே?* பாதிக் குடும்பம் சிஎஸ்ஐ, மீதி பெந்தெகொஸ்தே என்பது இந்தப் பக்கம் சாதாரணம். நகை, மருந்து, ஞானஸ்நானம் என்று எல்லாவற்றிலும் உரசல். குழந்தையில் தந்து பிறகு திடப்படுத்தலில் பிள்ளை தானே அறிக்கை செய்கிற முறை நம்முடையது, விசுவாசித்த பிறகு முழுக்கு என்பது அவர்களுடையது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். சித்தியைக் கேலி செய்கிற எந்த வாக்கியமும் வேண்டாம்.

*சபையிலும் ஏன் சாதி பார்க்கிறார்கள்?* கிறிஸ்தவக் கல்யாண விளம்பரத்தில் சாதிப் பெயரைப் பார்த்துவிட்டுப் பெரியவள் நோட்டில் எழுதிய கேள்வி இது. “நாம் அப்படி இல்லை” என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். வரலாற்றையே எடுத்து வைத்தோம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். நாம் வாரந்தோறும் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சாதி வழக்கங்களை விட்டுவிடச் சொன்னதை எதிர்த்த பக்கத்தில் நின்றார். “அப்போ அவர் பாட்டைப் பாடலாமா?” என்றாள். அதற்கு வீட்டில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. பாடுகிறோம், பேசிக்கொண்டும் இருக்கிறோம். கலாத்தியர் 3:28ஐ மனப்பாடம் செய்யவைப்பதோடு, நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று அப்பாவிடம் நேராகக் கேட்கவும் அனுமதியுங்கள்.

படி 8: வீட்டுக்கு வெளியே ஆட்கள் வேண்டும்

பெற்றோரிடம் கேட்க முடியாத கேள்விகள் உண்டு, முக்கியமாகப் பெற்றோரைப் பற்றிய கேள்விகள். ஐயரோ (சபைக் குருவானவர்), ஐயரம்மாவோ, உபதேசியாரோ, நீங்கள் நம்புகிற ஒரு மாமாவோ அத்தையோ பிள்ளைக்கு வேண்டும். அங்கே என்ன பேசினார்கள் என்று தோண்டிக் கேட்காதீர்கள். அதே சமயம், எந்த ஊழியக்காரரானாலும் பிள்ளையைத் தனி அறையில் தனியாக விடாதீர்கள்; கதவு திறந்திருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். உடம்பைப் பற்றியும் தொடுதலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் பிள்ளைக்குத் தெரியவையுங்கள்.

நண்பர்கள் சபைப் பிள்ளைகளாக மட்டும் இருக்கக் கூடாது. சாயங்காலம் தெருவில் கிரிக்கெட், வாரம் இரண்டு நாள் கராத்தேயோ நீச்சலோ, எதுவானாலும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிற இடத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கல்வியை உலகத்திலிருந்து பிள்ளையை மறைக்கிற மதிலாக நினைத்து ஆரம்பித்தவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் அந்த மதிலைத் தாண்டுவதே அதன் முழுநேர வேலையாகிவிடும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வரும். “எனக்கு இதெல்லாம் உண்மையான்னு தெரியல, நான் இந்த வருஷம் வரல” என்று பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் வருகிற பேச்சு “சபையில் என்ன சொல்வார்கள்” என்பதாகத்தான் இருக்கும். பேராயர் முன்னால் நின்று நம்பாத வாக்கியத்தைச் சொல்லவைப்பதைவிடக் காத்திருப்பது மேல். ஐயரிடம் போய், இந்த முறை இவள் வகுப்பில் உட்காரட்டும், திடப்படுத்தல் வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள், அனேகமாகச் சம்மதிப்பார். இரவு ஜெபத்தில் அவள் முறை வரும்போது வசனம் வாசிக்கட்டும், ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். கேள்வி நோட்டு வழக்கம்போல அலமாரியில் இருக்கட்டும். அடுத்த வகுப்புக்குப் பெயர் கேட்கும்போது ஒரு முறை மட்டும் கேளுங்கள்.